2061க்கு முன் எந்தக் குழாயைப் பெரிதாக்குவது?

சிங்கப்பூரில் மழைக்குப் பஞ்சமே இல்லை. ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் பெய்கிறது. 735 சதுர கிலோமீட்டர் நிலத்தில் விழும் அந்த மழையை ஒரு நாளுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய 480 கோடி லிட்டர் வருகிறது. நாடு முழுவதும் ஒரு நாளைக்குச் செலவழிப்பதோ சுமார் 200 கோடி லிட்டர். தேவையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வானம் கொட்டுகிறது. அப்படியும் நாம் தண்ணீருக்குக் கவலைப்படும் நாடாக இருப்பதற்குக் காரணம் ஒன்றுதான்: பிடித்து வைக்க இடமில்லை. பெரிய ஆறு கிடையாது. கிணறு வெட்டி நம்பியிருக்கும் அளவுக்கு நிலத்தடி நீரும் கிடையாது. ஒரு நீர்த்தேக்கத்துக்கு ஒதுக்கும் நிலத்தில் ஒரு முழு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) குடியிருப்புப் பேட்டையே எழும்பிவிடும்.

இந்தத் தேவை அப்படியே நிற்கப்போவதும் இல்லை. 2065 வாக்கில் இப்போதைய அளவைப்போல கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும் என்பது நாட்டின் தண்ணீரைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் மதிப்பீடு. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 2061ல், பக்கத்து மலேசிய மாநிலமான ஜோகூரிலிருந்து தண்ணீர் எடுக்கும் ஒப்பந்தம் முடிகிறது. ஆக, ஒரு பக்கம் தேவை ஏறும்போது இன்னொரு பக்கம் ஒரு பெரிய வரவு நின்றுபோகலாம். இடைப்பட்ட காலத்தில் செலவழிக்கும் பணத்தை எதில் முதலில் போடுவது?

இந்த ஊரில் பள்ளிப் பிள்ளைகள்கூட நான்கு தேசியக் குழாய்களைப் பட்டியலிடுவார்கள்: உள்ளூர் மழைநீர், ஜோகூர் தண்ணீர், புதுநீர் (குடிக்கும் தரத்துக்குச் சுத்திகரித்த கழிவுநீர்), சுத்திகரித்த கடல்நீர். இவற்றை ஒப்பிடும்போது வழக்கமாக ஒரு கனமீட்டருக்கு எவ்வளவு செலவு என்றுதான் பார்க்கிறோம். செலவு முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் என் கணக்கில் அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: எந்தக் குழாய் எந்த நாளில் நின்றுபோகும்? இரண்டு குழாய்கள் ஒரே நாளில் நின்றுபோகும் என்றால் அவற்றை இரண்டு என்று எண்ணக் கூடாது.

ஜோகூரிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் எல்லாப் பேச்சும் அங்கேதான் தொடங்குகிறது. 1942 ஜனவரி 31 அன்று பின்வாங்கிய பிரிட்டிஷ் படை சிங்கப்பூரையும் ஜோகூரையும் இணைக்கும் கடற்பாலத்தைத் தகர்த்தபோது அதோடு ஓடிய தண்ணீர்க் குழாயும் உடைந்தது. இரண்டு வாரத்தில் சிங்கப்பூர் சரணடைந்தது. தண்ணீர் மட்டுமே காரணம் இல்லை என்றாலும், குழாய் அடுத்த கரையில் இருந்தால் என்ன ஆகும் என்பதை அந்தத் தலைமுறை கண்ணால் பார்த்தது. அப்புறம் 1963ல் வறட்சி. பல மாதங்கள் தண்ணீருக்குப் பங்கீடு. என் அம்மா அப்போது சிறுமி. இன்றைக்கும் குளியலறையில் ஒரு வாளி நிரம்பி இருக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

1961லும் 1962லும் ஜோகூரோடு இரண்டு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. முதலாவது 2011 ஆகஸ்டில் முடிந்துவிட்டது. இரண்டாவதுதான் இப்போது நடப்பில் உள்ளது. அதன்படி ஜோகூர் ஆற்றிலிருந்து நாளுக்கு 25 கோடி காலன் வரை எடுக்கலாம், அதாவது நம் இன்றைய தேவையில் பாதிக்கு மேல். விலை 1,000 காலனுக்கு 3 மலேசிய சென். பதிலுக்குச் சுத்திகரித்த தண்ணீரில் ஒரு பகுதியை ஜோகூருக்கு 1,000 காலன் 50 சென்னுக்குத் திருப்பி விற்கிறோம். 1965ல் மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரிந்தபோது இரு நாடுகளும் இந்த ஒப்பந்தங்களுக்கு உத்தரவாதம் அளித்தன, அது ஐக்கிய நாடுகள் அமைப்பிலும் பதிவானது. விலையை மாற்ற வேண்டும் என்று மலேசியா பலமுறை கேட்டிருக்கிறது. விலையை மறுஆய்வு செய்யும் உரிமை 1987ல்தான் இருந்தது, அதைப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டார்கள் என்பது சிங்கப்பூரின் நிலைப்பாடு.

பேச்சு பெரும்பாலும் இந்த 3 சென்னிலேயே நின்றுவிடுகிறது. எனக்கு அதைவிடக் கவலை தருவது லிங்கியூ நீர்த்தேக்கம். ஜோகூர் ஆற்றின் மேற்பகுதியில் 1990களில் கட்டிய தேக்கம் அது. அங்கிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டால்தான் ஆற்றுக்குள் ஏறிவரும் கடல் உப்பு பின்னுக்குப் போகும், நாமும் நல்ல தண்ணீர் எடுக்க முடியும். 2016 அக்டோபரில் அந்தத் தேக்கத்தில் 20 விழுக்காடுதான் மிஞ்சியிருந்தது. யாரும் ஒப்பந்தத்தை மீறவில்லை, யாரும் குழாயை மூடவில்லை. மழை பெய்யவில்லை, அவ்வளவுதான். ஆற்றில் தண்ணீர் இல்லாவிட்டால் ஒப்பந்தத் தாளைப் பிழிந்தா குடிக்க முடியும்?

இங்கேதான் ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. லிங்கியூவும் நம் ஊர் மெக்ரிட்சி நீர்த்தேக்கமும் ஒரே வானத்தின் கீழ் இருக்கின்றன. மழையைக் குறைக்கும் எல் நினோ வானிலை வந்து இந்த வட்டாரம் வறண்டால் ஜோகூரில் மட்டும் வறளாது, நம் நீர்த்தேக்கங்களும் சேர்ந்தே இறங்கும். பட்டியலில் இரண்டு குழாய்களாக எழுதினாலும் வறட்சி நாளில் அவை ஒரே குழாய்தான்.

உள்ளூர் மழைநீரைப் பொறுத்தவரை செய்யக்கூடியதில் பெரும்பகுதியைச் செய்து முடித்துவிட்டோம் என்றே சொல்வேன். 17 நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு மழைநீர் சேகரிக்கும் பகுதியாகிவிட்டது. சாலையில் விழும் மழையும் கூரையில் விழும் மழையும் கால்வாய் வழியே ஏதோ ஒரு தேக்கத்துக்குப் போய்ச் சேர்கிறது. மரினா அணைக்கட்டை நினைத்துப் பாருங்கள். 1977ல் சிங்கப்பூர் ஆற்றைச் சுத்தம் செய்யத் தொடங்கிப் பத்து ஆண்டுகள் பாடுபட்டார்கள். பன்றிப் பண்ணைகள் போயின, படகுகள் இடம் மாறின, ஆற்றோரக் கடைக்காரர்கள் அங்காடி நிலையங்களுக்குள் வந்தார்கள். அந்த வேலை நடந்திருக்காவிட்டால் 2008ல் அணைக்கட்டைத் திறந்து நகரத்தின் நடுவிலேயே ஒரு நன்னீர்த் தேக்கத்தை உருவாக்கியிருக்க முடியாது. தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தின் மழை அங்கே வந்து சேர்கிறது. ஆனால் அணை கட்ட இன்னொரு ஆற்று முகத்துவாரம் எங்கே இருக்கிறது? மிச்சமிருப்பவை சிறியவை, அவற்றில் கிடைப்பதும் சிறிது. இருப்பதைப் பராமரிக்கலாம், கொஞ்சம் விரிவாக்கலாம். இரட்டிப்பாகும் தேவைக்கு இது பதில் இல்லை.

சரி, கடல். பார்த்தவுடன் எல்லாருக்கும் தோன்றும் விடை இதுதான்: நாலு பக்கமும் தண்ணீர், உப்பை எடுத்தால் போதும். கடலுக்கு வறட்சி கிடையாது, ஒப்பந்தக் காலக்கெடு கிடையாது. 2005ல் துவாஸில் முதல் ஆலை திறந்தது. 2022ல் ஜூரோங் தீவு ஆலையோடு எண்ணிக்கை ஐந்தானது. வானம் கைவிடும் நாளில் கைகொடுக்கும் என்பதால் என் அளவுகோலில் கடல்நீருக்கு நல்ல மதிப்பெண் கிடைக்கிறது.

ஆனால் அதற்கென்று ஒரு பலவீனம் உண்டு, அது மின்சாரம். தேக்கத்து நீரைச் சுத்திகரிக்க ஒரு கனமீட்டருக்குச் சுமார் 0.2 கிலோவாட்-மணி போதும். புதுநீருக்கு ஏறக்குறைய 1. கடல்நீருக்கு 3.5 அளவில் ஆகிறது. உப்பு நீரை மெல்லிய சவ்வின் வழியே மிகுந்த அழுத்தத்தோடு தள்ள வேண்டும், அந்த அழுத்தத்துக்குத்தான் இத்தனை மின்சாரம். நம் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. அந்த எரிவாயு முழுவதும் இறக்குமதி. ஜோகூரைச் சார்ந்திருப்பதைக் குறைக்கிறோம் என்று கடல்நீர் ஆலைகளை மட்டுமே அடுக்கிக்கொண்டு போனால் தண்ணீர் இறக்குமதிக்குப் பதில் எரிவாயு இறக்குமதி செய்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். மின்சாரத் தேவையைக் கனமீட்டருக்கு 2 கிலோவாட்-மணியாகக் குறைக்க ஆராய்ச்சி நடக்கிறது. அது கைகூடினால் இந்தக் கணக்கு நிச்சயம் மாறும், அன்று நானும் என் வரிசையை மாற்றி எழுதுவேன்.

பணக் கணக்கிலும் ஒரு பாடம் கிடைத்திருக்கிறது. 2005ல் திறந்த முதல் ஆலை, தொடக்க ஆண்டில் கனமீட்டருக்கு 78 காசு விலைக்குத் தண்ணீர் தருவதாக ஒப்பந்தம் எடுத்தது. 2011ல் ஹைஃப்ளக்ஸ் நிறுவனம் துவாஸ்பிரிங் ஆலைக்கு வெறும் 45 காசு கேட்டது. மலிவாகிவிட்டது என்று எல்லாரும் மகிழ்ந்தார்கள். அந்த விலைக்குப் பின்னால் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது: பக்கத்திலேயே ஒரு மின்நிலையம் கட்டி, மிஞ்சும் மின்சாரத்தைச் சந்தையில் விற்று ஈடுகட்டலாம் என்று. மின்சார விலை விழுந்தது, நிறுவனமும் விழுந்தது. சேமிப்பை அதில் போட்டிருந்த சாதாரண மக்கள் பலர் பணத்தை இழந்தார்கள். 2019ல் ஆலையைப் பொதுப் பயனீட்டுக் கழகமே எடுத்துக்கொண்டது. தண்ணீர் ஒரு நாளும் நிற்கவில்லை, அதற்காக நன்றி சொல்ல வேண்டும். ஆனால் கடல்நீரின் உண்மையான விலை என்ன என்று யாராவது 45 காசைக் காட்டினால் நான் நம்ப மாட்டேன்.

இன்னொன்று, 2024 ஜூனில் பாசிர் பாஞ்சாங் அருகே கப்பல் மோதிக் கசிந்த எண்ணெய் செந்தோசா வரையிலும் கிழக்குக் கடற்கரை வரையிலும் பரவியது. கடல்நீர் ஆலைகள் அப்போது பாதிக்கப்படவில்லை. ஆனாலும் உலகிலேயே கப்பல் நெரிசல் மிகுந்த நீரிணை ஒன்றிலிருந்துதான் குடிநீரை எடுக்கிறோம் என்பது நினைவில் இருக்க வேண்டும்.

ஐந்து ஆலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது 2020ல் இயங்கத் தொடங்கிய கெப்பல் மரினா கிழக்கு ஆலை. மழை நாளில் அது மரினா தேக்கத்து நீரைச் சுத்திகரிக்கும், வறண்ட நாளில் கடல்நீருக்கு மாறிக்கொள்ளும். தேவைப்படும்போது மட்டும் அதிக மின்சாரம் எடுக்கும். இயந்திரங்கள் நிலத்துக்கு அடியில் இருக்க, மேலே புல்வெளியில் பிள்ளைகள் ஓடி விளையாடலாம். இனி ஒரு கடல்நீர் ஆலை கட்டுவதென்றால் இந்த மாதிரியில்தான் கட்ட வேண்டும்.

இப்போது புதுநீர். 1974லேயே கழிவுநீரைத் திரும்பச் சுத்திகரிக்கும் சோதனை ஆலை ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். செலவு கட்டுப்படியாகவில்லை, சவ்வுகளும் அப்போது நம்பும்படி இல்லை. கால் நூற்றாண்டு பொறுத்திருந்தார்கள். தொழில்நுட்பம் வளர்ந்ததும் 2000ல் பிடோக்கில் மீண்டும் முயன்றார்கள். 2002 தேசிய தினத்தில் பிரதமர் கோ சோக் டோங் புதுநீர்ப் போத்தலைத் திறந்து குடித்தார், கூடியிருந்தவர்களும் குடித்தார்கள். 2003ல் ஆலைகள் திறந்தன. கழிவுநீர் முதலில் வழக்கமான சுத்திகரிப்பு முடித்து வருகிறது. பிறகு நுண்வடிகட்டல், அதன்பின் எதிர்ச் சவ்வூடு பரவல் (அழுத்தத்தோடு சவ்வின் வழியே தள்ளுவது), கடைசியாகப் புறஊதாக் கதிர். வெளியே வரும் நீர் குழாய்த் தண்ணீரைவிடத் தூய்மையானது. மின்னணுச் சில்லு தயாரிக்கும் ஆலைகள் இதைத்தான் விரும்பி வாங்குகின்றன. நாட்டின் தேவையில் 40 விழுக்காடு வரை இப்போது புதுநீரால் நிறைவேற்ற முடியும். வறண்ட மாதங்களில் ஒரு சிறு பகுதியை நீர்த்தேக்கங்களிலும் கலக்கிறார்கள்.

என் அளவுகோலில் புதுநீர் எப்படி? வறட்சி நாளிலும் மனிதர்கள் குளிப்பார்கள், துணி துவைப்பார்கள், ஆலைகள் ஓடும். கழிவுநீர் வந்துகொண்டே இருக்கும். 2014 தொடக்கத்தில் பல வாரம் மழையே இல்லாதபோது புதுநீரைத் தேக்கங்களுக்குக் கூடுதலாக விட்டுத்தான் நீர்மட்டத்தைக் காப்பாற்றினார்கள். அந்த ஆண்டு பங்கீடு வரவில்லை. 1963ஐப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

ஆனால் புதுநீர் தனியாக நிற்க முடியாது. அது தண்ணீரைப் புதிதாக உண்டாக்குவதில்லை, வந்த தண்ணீரைத் திரும்பக் கொடுக்கிறது. முதலில் ஏதோ ஒரு குழாயிலிருந்து தண்ணீர் வந்தாக வேண்டும். எளிதாகப் புரிய ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். பயன்படுத்திய தண்ணீரில் பாதி ஒவ்வொரு சுற்றிலும் திரும்பக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 லிட்டர் வந்தால் அடுத்த சுற்றில் 50, பிறகு 25, பிறகு 12.5, இப்படியே போகும். எல்லாச் சுற்றையும் கூட்டினால் 200 லிட்டர். நூறு இருநூறாகிறது. அந்த முதல் 100 லிட்டரும் கடலிலிருந்து வந்தது என்றே எடுத்துக்கொண்டாலும், கடல்நீருக்கு 3.5, புதுநீருக்கு 1 எனக் கூட்டி இரண்டால் வகுத்தால் சராசரி 2.25 கிலோவாட்-மணிதான். கடல்நீரை மட்டும் நம்பினால் ஆகும் 3.5ஐ இதோடு வைத்துப் பாருங்கள்.

ஆகவே கடல்நீரா புதுநீரா என்று ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்துவதே தவறு என்று எனக்குத் தோன்றுகிறது. கடல்நீர் விதைநெல். புதுநீர் அதைப் பெருக்கும் வயல். விதைநெல்லை வாங்கிக் குவித்துவிட்டு வயலைத் தயார் செய்யாமல் விட்டால் என்ன பயன்? ஒவ்வொரு கடல்நீர் ஆலைக்கும் இணையாக, அந்தத் தண்ணீரைத் திரும்பப் பிடிக்கும் கழிவுநீர்க் குழாயும் சுத்திகரிப்பு ஆலையும் வேண்டும். நிலத்தடியில் ஆழமாக ஓடும் கழிவுநீர்ச் சுரங்கத்தின் முதல் கட்டம் 2008ல் முடிந்தது. கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர். இரண்டாம் கட்டம் கழிவுநீரை மேற்கே துவாஸுக்குக் கொண்டுபோகிறது. பெரிய ஆலைத் திறப்பு விழாக்களைப்போல இந்தச் சுரங்கங்கள் யார் கண்ணிலும் படுவதில்லை. ஆனால் நாட்டின் தண்ணீர் இரட்டிப்பாவது அங்கேதான்.

பெருக்கத்தில் ஓட்டை எங்கே விழுகிறது என்றும் பார்க்க வேண்டும். தோட்டத்துக்கு ஊற்றியது திரும்பாது. குளிரூட்டும் கோபுரங்களில் ஆவியாவதும் திரும்பாது. இன்று தண்ணீரில் பாதிக்கு மேல் வீடுகளுக்கு வெளியே, தொழிலகங்களிலும் வணிகக் கட்டடங்களிலும் செலவாகிறது, வருங்காலத்தில் அந்தப் பங்கு இன்னும் கூடும். தரவு நிலையங்களும் சில்லு ஆலைகளும் வரவர ஆவியாகும் அளவும் ஏறும். கடலோரத் தொழிலகங்கள் குளிரூட்டக் கடல்நீரையே நேரடியாகப் பயன்படுத்தினால் நன்னீர் மிஞ்சும், உப்பு எடுக்கும் செலவும் இல்லை. பெரிய ஆலைகள் தங்கள் வளாகத்துக்குள்ளேயே தண்ணீரைச் சுழற்றலாம். 2024 முதல் சில தொழில்துறைகளில் புதிதாக வரும் பெரிய ஆலைகளுக்கு இது கட்டாயமாகியிருக்கிறது. பழைய ஆலைகளுக்கும் படிப்படியாக விரிவாக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதலீடு ஓடிப்போய்விடும் என்ற அச்சம் நியாயமானதுதான். ஆனால் தண்ணீர் நிச்சயம் கிடைக்கும் ஊர் என்ற பெயரைக் கேட்டுத்தானே அந்த முதலீடு இங்கே வருகிறது.

வீடுகள் பற்றி நிறையச் சொல்வதற்கில்லை, நாம் ஓரளவு நன்றாகவே செய்திருக்கிறோம். 2003ல் ஒருவர் நாளுக்கு 165 லிட்டர் செலவழித்தார், 2018ல் அது 141. நோய்த்தொற்றுக் காலத்தில் வீட்டிலேயே இருந்ததால் 154க்கு ஏறியது. 2030க்குள் 130 என்பது இலக்கு. கட்டணமும் ஏறியிருக்கிறது. மாதம் 40 கனமீட்டருக்குள் பயன்படுத்தும் வீடுகளுக்குக் கனமீட்டர் 2.74 வெள்ளியாக இருந்தது, 2025 ஏப்ரலிலிருந்து 3.24 வெள்ளி. வசதி குறைந்த குடும்பங்களுக்குத் தள்ளுபடி இருக்கும்வரை இந்த உயர்வை நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் வீட்டில் ஒருவர் 141லிருந்து 130க்கு, அதாவது 11 லிட்டர், குறைப்பதால் மட்டும் இரட்டிப்பாகும் தேவையைச் சமாளித்துவிட முடியாது. குளியலறையில் இரண்டு நிமிடம் குறைக்கச் சொல்லும் அதே அழுத்தத்தோடு தொழிலகங்களிடமும் கேட்க வேண்டும்.

கையில் பத்துப் பங்கு பணம் இருந்தால் நான் இப்படிப் பிரிப்பேன். ஐந்து பங்கு கழிவுநீரைத் திரும்பப் பிடிப்பதற்கு: சுரங்கம், புதுநீர், தொழிலகங்களுக்குள் மறுசுழற்சி எல்லாம் சேர்த்து. மூன்று பங்கு கடல்நீருக்கு, அதுவும் இருவகை நீரையும் ஏற்கும் ஆலைகளுக்கும் மின்சாரத்தைக் குறைக்கும் ஆராய்ச்சிக்கும். ஒரு பங்கு இருக்கும் தேக்கங்களையும் கசியும் குழாய்களையும் பராமரிக்க.

மிச்சமுள்ள ஒரு பங்கு ஜோகூர் ஆற்றுக்கு. 2061ல் ஒப்பந்தம் நீடிக்குமா என்பதை வைத்துத் திட்டம் போடக் கூடாது, நீடிக்காது என்று வைத்தே கட்ட வேண்டும். அதே நேரம் அதுவரை நாமும் ஜோகூர் மக்களும் அதே ஆற்றைத்தான் குடிக்கிறோம். மேற்பகுதியில் காடு அழியாமல், ஆலைக் கழிவு கலக்காமல், உப்பு ஏறாமல் அதைக் காப்பதில் இரு கரைக்கும் ஒரே நலன்தான். ஆறு நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், 2061ல் பேச உட்காருபவர்களுக்குப் பேசுவதற்கு ஏதாவது இருக்கும்.